நடுவில் ஏழு மணி நேரம்

குடையை மடக்கிக்கொண்டே உள்ளே வந்தவர், என் அண்ணன் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லி, விமானத்தில் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார்.

ஒன்பது வருடமாக இந்த டிராவல்ஸ் கடையின் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர். ஐம்பத்தைந்து நிமிடம்.

அன்று வாய் வரவில்லை. அவருக்குப் பின்னால் இருந்த பெஞ்சில் அம்மா உட்கார்ந்திருந்தாள்.

ஸ்கேன் எடுத்துவிட்டு நேராக அழைத்து வந்திருந்தேன். திங்கட்கிழமை ஆபரேஷன்.

அம்மாவிடம் நான் சொல்லி வைத்திருக்கும் கணக்கே வேறு. இரண்டு விமானம் மாற வேண்டும், நடுவில் ஏழு மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டும், அண்ணன் வந்து சேர ஒன்றரை நாள். பொய்யிலும் தொழில் சுத்தம். இடையில் கடல் இருப்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

வேறு என்ன சொல்ல? மூன்று வருடமாக எட்டிப் பார்க்காதவன், நேற்று, "முடிஞ்சதும் ஒரு போன் பண்ணு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான். அம்மாவிடம், டிக்கெட் கிடைக்காமல் தவிக்கிறான் என்றேன்.

ஒரு துண்டுத் தாளில் நேரத்தை எழுதி, சத்தமில்லாமல் அவர் பக்கம் நகர்த்தினேன்.

மனிதர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ஊருக்கே கேட்கும்படி படித்தார்.

"ஐம்பத்தஞ்சு நிமிஷமா? அவ்வளவுதானா?"

அம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. மாத்திரை வேளை ஆகிவிட்டது, பையிலிருந்து எடுத்துக் கொடு என்று மட்டும் சொன்னாள்.

எழுந்து போய்ப் பையைத் திறந்தேன். மாத்திரை அட்டைகள் நசுங்காமல் இருக்க, இரண்டு கெட்டித் தாள்களை மேலும் கீழும் வைத்து ரப்பர் பேண்ட் போட்டிருந்தாள்.

போர்டிங் பாஸ்கள். எங்கள் கடையில் எடுக்காத டிக்கெட். அம்மாவின் பெயர், அண்ணனின் ஊர்.

போன வருடத் தேதி. சித்தி வீட்டுக்குப் போகிறேன் என்று அம்மா விடியற்காலையில் கிளம்பிய நாள். ஒன்று காலையில் போனது. மற்றது அன்று மதியமே திரும்பியது.

சித்தி வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டேன் என்று சொல்லி, அன்று இரவு ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

மாத்திரையை நீட்டினேன். விழுங்கித் தண்ணீர் குடித்தாள். என் கையிலிருந்த தாள்களை அவள் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒன்றரை நாள் அவனை எதுக்கும்மா அலைய வைக்கிற? வர வேணாம்னு சொல்லிடு."

தாள்களை முன்பு இருந்தபடியே வைத்து ரப்பர் பேண்டைப் போட்டேன்.

சொல்லிவிடுகிறேன் என்றேன்.