பந்து பட்ட காயம்

தாட்சாயினியின் முழங்கைக்கு மேலே நீலமாகக் கன்றிப்போயிருந்தது. அப்பா அருந்தவன் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன பிள்ளை இது?"

"பந்து பட்டதப்பா. அமெரிக்காவில புரொபெஷனல் பேஸ்போல்ல பேட்டிங் சாம்பியனா வந்தவையும் இப்பிடி அடி வாங்கித்தான் வந்தவை."

மகளும் தன் பேஸ்போல் கிளப்பின் பேட்டிங் சாம்பியன்தான். கலியாணம் முடித்தும் மட்டையைக் கீழே வைக்கவில்லை என்பதில் அவருக்கு உள்ளூரப் பெருமை.

"மருமகன், கொஞ்சம் கவனமா விளையாடச் சொல்லுங்கோ."

"சொன்னாக் கேட்டாத்தானே, மாமா!" என்று நிரோஷன் சிரித்தான்.

அடுத்த மாதம் கன்னம் வீங்கியிருந்தது. அதற்கும் பந்துதான் என்றாள். அருந்தவனுக்கு மனம் கேட்கவில்லை. சனிக்கிழமை பரமட்டாவில் ரயில் இறங்கி, நேரே மைதானத்துக்கே போய்விட்டார். மகளை அங்கே காணவில்லை. பயிற்சியாளரான வெள்ளைக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

"என்ர பிள்ளைக்கு நீங்கள் ஹெல்மெட் குடுக்கிறேல்லையோ?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சத்தம் போட்டார்.

பயிற்சியாளர் குழம்பிப்போய்ப் பார்த்தார்.

"தாட்சா கலியாணத்தோடு விளையாட்டை விட்டுவிட்டாளே! இனி வரமாட்டாள் என்று புருஷன்தான் வந்து சொன்னார். அவளுடைய சாமான்கள் எல்லாம் இன்னும் இங்கேதான் கிடக்கின்றன. மட்டையை மட்டும் அவர் கொண்டுபோய்விட்டார்."