காட்டெருமை தெரிந்ததா?

ஒரு பைனாகுலரும் அதன் தோலுறையும் ஒரே அலமாரியில் குடியிருந்தன. கோடை விடுமுறையில் அந்தக் குடும்பம் சரணாலயம் போகும்போதெல்லாம் அவையும் கூடப் போகும்.

ஜீப்பில் அப்பா கனகசபை நடுச்சக்கரத்தைத் திருகி, பைனாகுலரைத் தன் கண்ணுக்குச் சரிசெய்துகொள்வார். ஆசைதீரப் பார்த்துவிட்டு அப்படியே மகள் வான்மதியிடம் நீட்டுவார்.

"காட்டெருமை தெரியுதா கண்ணு?"

"தெரியுதுப்பா."

"அது பொய்," என்று உறைக்குள் வந்ததும் பைனாகுலர் சொல்லும். "அவள் கண்ணுக்கு எல்லாம் ஒரே மங்கல். சக்கரத்தைக் கொஞ்சம் திருகினால் போதும்."

"சொல்ல வேண்டியதுதானே?" என்று உறை கேட்கும்.

"அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எப்படிச் சொல்வாள்?"

வருஷங்கள் ஓடின. வான்மதி வேலைக்குப் போய், இந்தக் கோடையில் அவளே அப்பாவை அழைத்துப் போனாள். பைனாகுலர் உறைக்குள் திரும்பி வந்தது.

"என்ன ஆச்சு?" என்றது உறை.

"இந்தத் தடவை முதலில் அவள்தான் பார்த்தாள். சக்கரத்தைத் திருகினாள். காட்டெருமையின் கால்களில் வெள்ளை சாக்ஸ் போட்டதுபோல் இருப்பதை அன்றுதான் கண்டாள். 'அப்பா, சீக்கிரம் பாருங்க' என்று அப்படியே என்னை அவரிடம் கொடுத்துவிட்டாள்."

"அவருக்குத் தெரிந்ததா?"

"'தெரியுதும்மா' என்றார். சின்ன வயதில் அவள் சொன்ன அதே குரல். கேட்டதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தைத் திருகக் கை நீட்டினாள். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது."