ஒத்திகைக்கு வந்தவள்

வாசகர் வட்டத்தில் அன்று ஆளாளுக்கு அழுதார்கள்.

அந்த மாதம் எடுத்துக்கொண்ட நாவல் அப்படி. வெள்ளையர்கள் வாழும் ஊரில் கருப்பாகப் பிறந்த ஒரு பெண்ணின் கதை. வகுப்பில் அவள் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அழகாகிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பி, ஒரு மத்தியானம் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, முழங்கையைச் செங்கல் துண்டால் தேய்க்கிறாள். தோலுக்குக் கீழே வெள்ளை இருக்கிறதா என்று பார்க்கிறாள்.

வட்டத்தின் தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்து மாட்டிக்கொண்டார். வங்கி மேலாளர் தொண்டையைச் செருமினார். பல் மருத்துவரான பெண்மணிதான் தேம்பித் தேம்பி அழுதார். படித்ததிலிருந்து சரியான தூக்கமே இல்லை என்றார்.

அழாமல் இருந்தவள் ஒருத்திதான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள்.

யார் என்ன பேசினாலும், அவர்களுடைய பார்வை கடைசியில் அவள் முகத்தில் வந்து நின்றது. பிறகு சட்டென்று விலகியது. அந்த அறையில் கருப்பு அவள் மட்டும்தான்.

செங்கல் வரும் பக்கத்தில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்திருந்தது. டீ குடித்தால் கருத்துப் போவாய் என்று யாரோ சொன்னதை நம்பி, சின்ன வயதிலேயே டீயை விட்டவள் அவள். இன்றுவரை தொடுவதில்லை. அவள் டீயை விட்டாள், கருப்பு அவளை விடவில்லை.

இதையெல்லாம் அழுகிறவர்களிடம் எப்படிச் சொல்வது? பல் மருத்துவரின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"விடுங்க டாக்டர். கதைதானே."

ஆசிரியை புத்தகத்தை அவளிடம் நீட்டி, அந்தப் பக்கத்தை வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். குரல் நடுங்கவில்லை.

இதை நாடகமாகப் போட்டே ஆகவேண்டும் என்றார் வங்கி மேலாளர்.

சில நாள் கழித்து ஆசிரியை போன் செய்தார். "சனிக்கிழமை முதல் ஒத்திகை. நீ கண்டிப்பா வந்துடணும்மா. நீ இல்லாம இது நடக்காது."

அன்றிலிருந்து வீட்டில் ஒரே அமர்க்களம். அவள் அந்தப் பெண்ணானாள். கணவன் ஒரு கையில் புத்தகமும் மறு கையில் கரண்டியுமாக அம்மாவானான், வாத்தியாரானான், அவளை வாசலோடு திருப்பி அனுப்பும் துணிக்கடை முதலாளியானான். முதலாளிக்காக அவன் கண்ணை உருட்டுவதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்புத் தாங்காது.

ஆனால் ஒரு சாயங்காலம், செங்கல் காட்சியைச் சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள். அடுத்த வரி தெரியும். வாய் வரவில்லை. வட்டத்தில் வராத அழுகை சமையலறையில் வந்தது.

கணவன் அடுப்பை அணைத்துவிட்டு அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

சனிக்கிழமை அவனே வண்டியில் கொண்டுவந்து விட்டான். முடியும்வரை கீழேயே இருப்பதாகச் சொன்னான்.

மாடி அறையில் அவளைக் கண்டதும் எல்லோர் முகமும் மலர்ந்தது. உனக்காகத்தான் காத்திருக்கிறோம் என்று ஆசிரியை தோளில் கைபோட்டு அழைத்துப்போனார். பெரிய கண்ணாடி. அதன் முன்னால் இரண்டு நாற்காலிகள். ஒன்றில் பல் மருத்துவர் உட்கார்ந்திருந்தார். மற்றதில் அவளை உட்கார வைத்தார்கள்.

ஒப்பனைக்காரர் வயதானவர். விளக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"கையக் குடுங்கம்மா."

கொடுத்தாள். முகத்தை விட்டுவிட்டு ஏன் கையிலிருந்து தொடங்குகிறார் என்று நினைத்துக்கொண்டாள். மணிக்கட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். தட்டில் பழுப்பையும் கருப்பையும் குழைத்து, விரல் நுனியில் எடுத்து, அவள் தோலில் ஒரு பொட்டு வைத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் குழைத்தார். தலையாட்டிக்கொண்டார்.

பிறகு அந்தச் சாயத்தைப் பல் மருத்துவரின் கன்னத்தில் பூச ஆரம்பித்தார்.

இடது கையால் அவள் மணிக்கட்டை விடாமல் பிடித்திருந்தார். பூசுவதும் அவள் கையைப் பார்ப்பதும், பார்ப்பதும் பூசுவதுமாக இருந்தார்.

பல் மருத்துவரின் மடியில் நாடகப் பிரதி இருந்தது. அந்தப் பெண்ணின் வசனங்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

கண்ணாடியில் தன் முகம் மாறுவதைப் பல் மருத்துவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கண் மறுபடி கலங்கியது. மெல்லக் கேட்டார்.

"இது கழுவினாப் போயிடும்ல?"

ஒப்பனைக்காரர் அடுத்த கன்னத்துக்குப் போனார்.

ஆசிரியை இரண்டடி பின்னால் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தார். "போதும் போதும். ரொம்பவும் வேணாம். முகத்துல களை இருக்கணுமில்ல?"

ஒப்பனைக்காரர் சாய டப்பாவை மூட மூடியை எடுத்தார். பிடியைத் தளர்த்தினார். அவள் இப்போது எழுந்து போகலாம். கீழே கணவன் இருக்கிறான். முதலில் எப்படி நடந்தது என்றுதான் கேட்பான்.

அவள் எழவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை. முழங்கைவரை சட்டைக்கையை ஏற்றிவிட்டு, விளக்குக்கு இன்னும் பக்கத்தில் நீட்டினாள்.

"நான் இதவிடக் கருப்புண்ணே. சரியாப் பாருங்க."