சோதனைச்சாவடியில் பொங்கல் சீர்

விளைபொருள்களுக்குக் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்கும் அதிகாரம் மாவட்டங்களுக்கும் கிடைத்த பிறகு வந்த முதல் பொங்கல். பக்கத்து மாவட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போன சௌமியா, அண்ணன் தினகர் கொண்டுவரும் சீருக்காக எல்லைச் சோதனைச்சாவடியில் நின்றிருந்தாள்.

"கரும்பு, மஞ்சள் கொத்து, புது அரிசி. தங்கச்சிக்கு என்ன விலைக்குக் குடுக்கறீங்க?" என்று தினகரின் வண்டியை நிறுத்திக் கேட்டார் அதிகாரி.

"விலையா? பொங்கல் சீர் சார் இது!"

"சும்மா குடுத்தா எங்க ஊரு விவசாயி என்ன ஆவான்? உங்க தங்கச்சி நாலாயிரமாவது குடுத்தாத்தான் உள்ள விடுவேன்."

சௌமியாவுக்குச் சிரிப்புதான் வந்தது. அண்ணன் ரோஷக்காரன். தங்கையிடம் காசு வாங்குவதற்குப் பதில் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். புருஷனிடம் அப்படித்தான் சவால் விட்டுக் கிளம்பியிருந்தாள்.

தினகர் தலையைச் சொறிந்தான்.

"நாலாயிரத்துக்கு மேல வாங்கக் கூடாதா சார்?"

"குறைச்சு வாங்கத்தான் தடை. கூட எவ்வளவு வேணா வாங்கிக்கலாம்."

தினகர் செல்போனில் கியூஆர் கோடைத் திறந்து தங்கையிடம் நீட்டினான்.

"நாலாயிரம் கவர்மெண்டு சொல்றது. அதுக்கு மேல, அண்ணன்னு நெனச்சு நீயே பாத்துப் போட்டு விடும்மா."