பச்சைப் பொட்டலம்

"மறுபடியும் நின்னுடுச்சு, யூஃபென்!" பெய்ரோங் செல்பேசியில் வகுப்புத் தோழியிடம் கிசுகிசுத்தாள். "மென்பொருள் முக்கால்வாசி இறங்கி, அப்படியே செத்துப்போச்சு."

"அழாதேடி. வகுப்புல ஹோங் வாத்தியார் சொன்ன வரிசைப்படி போ. கம்ப்யூட்டர்ல இடம் இருக்கா?"

"இருக்கு. வைரஸ் தடுப்பையும் அணைச்சுட்டேன். ஃபோல்டர் பேரைச் சீன எழுத்துலேர்ந்து ஆங்கிலத்துக்குக்கூட மாத்திட்டேன்."

"அப்ப வாத்தியாரோட மகாமந்திரம்தான். இணையப் பெட்டியைப் பிடுங்கு, பத்து எண்ணு, திரும்ப மாட்டு."

பெட்டி இருந்தது மாடிப்படித் திருப்பத்தில். அதற்குக் கீழே அப்பாவின் சாவிக் கடை. சாவி அரைக்கும் இயந்திரம் கிர்ரென்று சுற்றும்வரை பயமில்லை. நின்றால்தான் பயம்.

அரசுத் தேர்வுப் பயிற்சிக்குப் போகிறாள் என்றுதான் அப்பா நினைத்துக்கொண்டிருந்தார். அதை விட்டுவிட்டு அவள் கணினி விளையாட்டு உருவாக்கும் மாலை வகுப்பில் சேர்ந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளி நாட்களில் அவளுடைய விளையாட்டுக் கருவியைச் சுத்தியலால் உடைத்தவர் அப்பா. "இன்னொரு தடவை இந்தக் கண்றாவியைப் பார்த்தேன், நீ இந்த வீட்டுல இல்லை!" சனிக்கிழமைதோறும் மீன்பிடிக்கப் போய் வெறுங்கையோடு திரும்பும் அந்த மனிதருக்குச் சிரிக்கவே தெரியாது.

இன்று மாலைக்குள் மென்பொருளை ஏற்றிக்கொண்டு போகாவிட்டால் வகுப்புக் குழுவில் அவளுக்கு இடமில்லை.

பூனைபோல் படி இறங்கினாள். பெட்டியின் மேல் பச்சை நிறத் தின்பண்டப் பொட்டலம் ஒன்று உட்கார்ந்திருந்தது. மேலே வைத்தால் எந்த இயந்திரமும் மக்கர் பண்ணாமல் சொன்ன பேச்சு கேட்கும் என்று ஊரே நம்பும் பொட்டலம். நேற்று இல்லை. அம்மாதான் வைத்திருப்பாள், இணையத்தில் தான் பார்க்கும் தொடர் நிற்காமல் ஓட வேண்டுமென்று. பெய்ரோங் அதைக் கும்பிட்டுவிட்டு ஒயரைப் பிடுங்கினாள், எண்ணினாள், மாட்டினாள், ஓடி வந்தாள்.

திரையில் பச்சைக் கோடு நகர்ந்தது. பாதி தாண்டியது.

கீழே இயந்திரம் நின்றது.

படியில் செருப்புச் சத்தம். தேர்வுப் புத்தகத்தை எடுத்துத் திரையை மறைத்தாள். சத்தம் திருப்பம்வரை வந்தது, அங்கேயே நின்றது, பிறகு மெல்ல இறங்கிப் போனது.

புத்தகத்தை விலக்கினாள். கோடு செத்துக் கிடந்தது.

"யூஃபென், அப்பாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. அவர்தான் பிடுங்கறார்!"

"உளறாதே. தெரிஞ்சா மேலே வந்து கத்தமாட்டாரா?"

"கத்தினாக்கூடப் பரவாயில்லைடி. அவர் பேசாம இருந்தாத்தான் குலை நடுங்குது."

திரும்பவும் இறங்கி மாட்டினாள். திரும்பவும் செருப்புச் சத்தம். திரும்பவும் கோடு செத்தது. இனி தாங்காது. போய்க் காலில் விழுந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

கடைக் கதவு பாதி இறக்கியிருந்தது. மேசையில் எதன்மேலோ குனிந்திருந்த அப்பா, அவளைக் கண்டதும் சட்டென்று ஒரு துணியை இழுத்து அதை மூடினார். அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

"அப்பா, என்னை மன்னிச்சிடுங்க, நான்…"

"சத்தம் போடாதே! அம்மா காதுல விழுந்தா என் மானமே போயிடும்."

துணி நழுவியது. பழைய மடிக்கணினி. திரையில் அதே பச்சைக் கோடு, முக்கால்வாசியில் நின்றபடி.

அப்பா தலை குனிந்துகொண்டார். "மீன்பிடிக்கன்னு சொல்லிட்டு, சனிக்கிழமை வகுப்புக்குப் போறேன். ஒரு சாவி, நூறு கதவு… அப்படி ஒரு விளையாட்டு செய்யணும்னு ஆசை. பச்சைப் பொட்டலம் வெச்சுப் பார்த்தேன். ஹோங் வாத்தியார் சொன்னபடி அந்தப் பெட்டியைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டியும் பார்த்துட்டேன். ஒவ்வொரு தடவையும் யாரோ வேணும்னே அறுத்துவிடற மாதிரி பாதியில நின்னுடுது, பெய்ரோங்!"