மீனுக்குத் தொட்டுக்கொள்ள

காய்ச்சல் விட்டுப் பத்து நாளாகிறது. போகும்போது சமையல்காரரின் ருசியையும் வாசனையையும் கூடவே கொண்டுபோய்விட்டது. உணவகத்தில் யாருக்கும் தெரியாது. கைக்கணக்கை நம்பிக் காலம் தள்ளுகிறார். ஜன்னல் வெளிச்சம் விழும் மேடையில், ஐஸ் தட்டின்மேல் வைத்த கிண்ணத்தில், துணியில் கட்டி நீர் வடித்த தயிரோடு பாலேட்டைக் கலக்குகிறார். பூண்டைத் துருவிச் சேர்த்து எலுமிச்சை பிழிகிறார். புதினாவைப் பொடியாக நறுக்கிய விரல்களை மூக்கருகே கொண்டுபோகிறார். வெறும் ஈரம். அடுப்பில் மீன் சிடுசிடுக்கிறது. உப்பு போட்டோமா? போட்ட மாதிரியும் இருக்கிறது, போடாத மாதிரியும் இருக்கிறது. முதலாளியம்மா வந்து, வழக்கம்போல் கரண்டி நுனியில் எடுத்து நாக்கில் வைக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு கரண்டியில் எடுத்துச் சமையல்காரரிடம் நீட்டுகிறார். “நீங்களும் பாருங்கண்ணே.” அவர் கண்ணை மூடிச் சப்புக்கொட்டுகிறார். தொண்டையில் குளிர்ச்சி மட்டும் இறங்குகிறது. “எல்லாம் கச்சிதமா இருக்கும்மா.” முதலாளியம்மா உப்பு டப்பாவை இழுத்துத் திறக்கிறார். ஒரு சிட்டிகை, இரண்டு, மூன்று. நிதானமாகக் கலக்குகிறார். பிறகு, மற்றவர்கள் காதில் விழாதபடி, கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்: “எத்தனை நாளாண்ணே இப்படி?”