பல்லிக்குச் சூடு

நாமெல்லாம் விளக்குமாற்றால் விரட்டுகிற பல்லியை ஞானசிகாமணி கண்ணாடிப் பெட்டியில் வைத்து, குளிராமலிருக்க பல்பு எரித்து வளர்த்தார், கேட்டீர்களா. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன மகள் ரூபிணியின் பல்லி அது. ஞாயிறுதோறும் போனில் அதை மட்டும் விசாரிப்பாள். அப்பாவிடம் அவளுக்கு வேறு பேச்சில்லை.

அந்த ஞாயிறு மழையில் கரண்ட் போய், இன்வெர்ட்டரும் ஓய்ந்தது. மலைக்குளிரில் பல்லி அசையவில்லை.

எதிர்வீட்டு மெர்சி பாட்டிலில் வெந்நீர் கொண்டுவந்தாள். "பெத்த புள்ளைய இப்படித் தாங்கியிருந்தா போயிருக்குமாண்ணே?"

அவர் பாட்டிலைப் பெட்டிக்குள் பல்லியை ஒட்டி அணைத்து வைத்தார். போன் அடித்தது.

"எடுங்கண்ணே, உங்க மகதான்."

அவர் பல்லியின் வயிற்றைத் தொட்டார். இளஞ்சூடு இருந்தது. அது பல்லியுடையதா, வெந்நீர் பிடித்த தன் விரலுடையதா என்று அவருக்குத் தெரியவில்லை.